கந்தோருக்கும் நாவலுக்கும் நடுவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது இலங்கையின் கிழக்கில், களுவாஞ்சிகுடியில். மட்டக்களப்பு நகரில் ஓர் அரச அலுவலகத்தின் கணக்குப் பகுதியில் பதினேழு வருடமாக வேலை. ஒரு நாவல் அச்சில் வந்திருக்கிறது, இரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நாவல் வெளியான பிறகு பஸ் தரிப்பிடத்திலும் கலியாண வீட்டிலும் வாட்ஸப்பிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கேட்பவர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள். மற்றவர்களில் வங்கிக்காரர் இரண்டு பேர், காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, அக்கரைப்பற்றுப் பக்கம் வேளாண்மை செய்யும் ஓர் அண்ணன், பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி. தனித்தனியாகப் பதில் எழுதப் போனால் ஓர் அத்தியாயத்துக்கான நேரம் போய்விடுகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துப் போட்டுவிடுகிறேன்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக நாவல் எழுதலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன், எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே.

சொந்தக் காசில் 300 பிரதி அச்சடிக்கிறீர்கள், விலை 1,200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 50 பிரதி வாசிகசாலைக்கும் விமர்சகருக்கும் முகத்துக்காகவும் சும்மா போய்விடும். மிச்சம் 250. அதில் பாதியை நேரடியாக விற்றால் ஒன்றரை இலட்சம். மறுபாதி கடை வழியாகப் போகிறது, கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு கழிவு எடுக்கிறார் என்றால் ஓர் இலட்சம். மொத்தம் இரண்டரை இலட்சம். அச்சுக்கூலி பிரதிக்கு 600 ரூபா வீதம் 1,80,000. மண்டபம், அழைப்பிதழ், தேத்தண்ணி, கடலை வடை எல்லாம் சேர்த்து 25,000. கையில் நிற்பது 45,000 ரூபா. எனக்கு முதல் நாவல் எழுத நாலு வருடம் பிடித்தது. 45,000 ஐ 48 மாதத்தால் பிரியுங்கள். மாதம் 937 ரூபா 50 சதம்.

இதுவும் 300 பிரதியும் போய் முடிந்தால். என் கட்டிலுக்குக் கீழே இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது.

வெளியீட்டு விழாவில் வரும் என்வலப்புகளை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காசை நான் வருமானப் பக்கத்தில் எழுதுவதில்லை. ஆயிரம் ரூபாப் புத்தகத்துக்கு ஐயாயிரம் வைத்துத் தந்தவருக்கு அடுத்த வருடம் கவிதைத் தொகுதி வரும். அன்றைக்கு நானும் அதே கனத்தில் ஒரு என்வலப்போடு வரிசையில் நிற்க வேண்டும். கணக்குப் பாஷையில் இதற்குப் பெயர் கடன்.

அப்படியென்றால் தமிழில் எழுதி வாழ்ந்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு 1966 இல் விலகி எழுத்தை நம்பி வந்தார். வந்த பாதை சுகமான பாதை இல்லை. ஜெயமோகன் தொலைபேசித் துறையில் நீண்ட காலம் ஊழியர், பிறகு சினிமாவுக்கு எழுதினார். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்துகொண்டு எழுதியவர். இந்தப் பக்கத்தை எடுத்தால், எஸ். பொன்னுத்துரை மட்டக்களப்பில் ஆசிரியராக இருந்துதான் எழுதினார். தமிழ்நாட்டில் சினிமா, வார இதழ், பெரிய பதிப்பகம் என்று நாலு கதவாவது இருக்கிறது. இங்கே நமக்கு முழுநேரம் என்றால், வேறு யாரோ அந்த வீட்டில் அரிசிக்கு உழைக்கிறார்கள் என்று அர்த்தம்.

எப்போது எழுதுகிறீர்கள்?

விடிய நாலேகாலிலிருந்து ஐந்தே முக்கால் வரை. ஒன்றரை மணித்தியாலம், முந்நூறு சொல். அதற்கு மேல் வந்தாலும் நிறுத்திவிடுவேன், மறுநாளைக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று.

முந்நூறு சொல் என்றால் சிரிப்பார்கள். மாதம் இருபது நாள் எழுதினால் ஆறாயிரம். பத்து மாதத்தில் அறுபதாயிரம், ஒரு நாவல் அளவு. பிறகு ஏன் நாலு வருடம் ஆனது? மூன்று தரம் திருப்பி எழுதினேன். அதோடு முதல் வருடம் முழுவதும் இரவில் எழுதி வீணாக்கினேன்.

அந்த இரவு எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் கடிதக் கோப்பு பார்த்த மூளை இரவு ஒன்பதரைக்கு நாவல் எழுத உட்கார்ந்தால் என்ன வரும்? ஒரு கிழவி இருபது வருடமாகப் பேசாமல் இருந்த தங்கச்சியிடம் போய், வாசலில் நின்று, மனது தாங்காமல் பேசுகிற இடம். காலையில் எடுத்து வாசிக்கிறேன், கிழவி சொல்கிறா: “நீ வராதது தொடர்பில் எனக்கு மிகுந்த மனவருத்தம் காணப்படுகிறது.” மேற்படி விடயம் தொடர்பாக என்று தொடங்காதது ஒன்றுதான் குறை. அந்த அத்தியாயத்தைக் கிழித்தேன். அன்றிலிருந்து இரவில் எழுதுவதில்லை. பிழை திருத்துவேன், பக்க எண் போடுவேன், அவ்வளவுதான்.

விடியலில் ஊர் எனக்கு உதவி. நாலரைக்கு எங்கோ ஒரு மோட்டார் இரைகிறது, பிறகு சேவல், பிறகு கோயில் மணி. மேசைக்குக் கீழே நுளம்புச் சுருள், மேசையில் முதல் நாள் இரவே ஊற்றி வைத்த பிளாஸ்க். ஐந்தரைக்கு மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் அந்த வசனத்தோடு முடிக்கலாம் என்று அர்த்தம். மீன் இல்லாத நாள் பத்து நிமிடம் கூடக் கிடைக்கும்.

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரொலப் தபால் திணைக்களத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். தன்னை எழுப்பிவிடுவதற்காகக் குதிரைக்காரருக்கு வருடம் ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். எனக்கு அம்மா இருக்கிறா, சம்பளம் இல்லாமலே எழுப்புவா. ஆனால் எழுப்பிவிட்டுப் பக்கத்திலிருந்து கதைப்பா.

பஸ்ஸில் போகும் நேரத்தை எழுதப் பயன்படுத்தலாமா?

கல்முனை மட்டக்களப்பு பஸ்ஸில் காலையில் போயிருக்கிறீர்களா? களுவாஞ்சிகுடியில் ஏறும்போதே உட்கார இடம் இருக்காது. களுதாவளையில் வெற்றிலைக் கூடை ஏறும், செட்டிபாளையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். குருக்கள்மடம், கிரான்குளம், தாழங்குடா என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இன்னும் நாலு பேர். ஆரையம்பதி தாண்டினால்தான் எனக்கு ஒரு கம்பியாவது சொந்தமாகும்.

முதலில் போனில் தட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை. பிறகு குரலில் சொன்னால் தமிழில் எழுதித் தரும் வசதியைப் பாவித்துப் பார்த்தேன். அது நம் பேச்சுக்குப் பழகவில்லை. நாம் ‘அப்புறம்’ என்பதற்கு ‘மறுகா’ என்போம் அல்லவா, அதை ஒவ்வொரு தரமும் ‘மருகா’ என்று எழுதியது. என் மீனவக் குடும்பத்துக் கதை முழுக்க முருகப்பெருமான் நிறைந்துவிட்டார்.

இப்போது பஸ்ஸில் ஒரே ஒரு வேலைதான். மறுநாள் காலையில் எழுத வேண்டிய முதல் வசனத்தை மனதில் உருட்டுவது. கல்லடிப் பாலம் வருவதற்குள் அது அமைந்துவிட்டால் இறங்கியதும் கைப்பைக் கொப்பியில் குறித்துக்கொள்வேன். அமையாவிட்டால் பின் சீட்டில் யார் யாரோடு கோபம் என்று கேட்டுக்கொண்டு போகலாம், அதுவும் நட்டமில்லை.

எந்த வேலை நாவலாசிரியருக்குத் தோதானது?

மாலை ஐந்து மணிக்குப் பிறகு உங்களைத் தேடாத வேலை.

ஆசிரியத் தொழிலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறை, இரண்டு மணிக்கு வீடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மணிக்குப் பிறகு ரியூஷன் தொடங்குகிறது. சம்பளம் போதாது என்பதால் தொடங்குவது, பிறகு சனி, ஞாயிறு, இரவு எட்டு மணி வரை வளர்ந்துவிடும். என்னிடம் வந்த ஆசிரியர்களில் நாவலை இடையில் விட்டவர்கள் யாரும் பாடசாலையைக் குறை சொல்லவில்லை. கணித ஆசிரியர் ஒருவர் சொன்னது: “அக்கா, பேனையைக் கையில எடுத்தாலே ஆரோ ஒரு பிள்ளைக்குச் சரி போடத்தான் வருகுது.” அவருக்கு நான் சொன்னது, ரியூஷனில் ஒரு வகுப்பை மட்டும் விடுங்கள், வேலையை விட வேண்டாம் என்று.

கிராம உத்தியோகத்தர் வேலையில் கதை குவியும். மாரியில் வெள்ளம் வந்தால் நடுச்சாமத்திலும் போன் அடிக்கும். வங்கி என்றால் மாதக் கடைசியையும் வருடக் கடைசியையும் நாவலுக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

துணிக்கடைத் தம்பிக்கு: நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியும் துணிக்கடை நடத்திக்கொண்டுதான் எழுதினார். நோன்பு மாதம் எழுதவே முடியவில்லை என்று கவலைப்பட்டீர்கள். வருடத்தில் ஒரு மாதம் தானே, விட்டுவிடுங்கள். அந்த மாதம் கடைக்கு வருகிற முகங்களைப் பார்த்து வையுங்கள்.

வேளாண்மை அண்ணனைப் பார்த்தால்தான் எனக்குப் பொறாமை. மாரிப்போகத்தில் கதிர் வந்த பிறகு யானைக்குக் காவலாக வட்டைக்குள் வாடியில் இரவு முழுக்க விழித்திருக்கிறார். தலையில் டோர்ச், மடியில் கொப்பி. யானை வந்த இரவுகளில் எழுதிய பக்கங்களில் எழுத்து சரிந்து கிடக்கும். அவர் நாவலில் அந்தப் பக்கங்கள்தான் எனக்குப் பிடித்தவை. அவரிடம் கேட்டால், “வேளாண்மைய விட்டுட்டு எழுதலாமா?” என்று என்னையே கேட்கிறார்.

அலுவலகத்தில் தெரிந்தால் பிரச்சினை வருமா?

அரச உத்தியோகத்தர் என்றால் தாபனக் கோவை என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். வெளியே பணம் வரும் வேலை செய்வதற்கும் கடமை சம்பந்தமான விடயங்களை வெளியிடுவதற்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. நாவல் தானே என்று இருந்துவிடாமல், வெளியிடுவதற்கு முன் திணைக்களத் தலைவருக்கு எழுத்தில் அறிவித்து எழுத்திலேயே பதில் வாங்கி வையுங்கள். அலுவலகப் பிரின்டரில் ஒரு பக்கம்கூட எடுக்க வேண்டாம். மேசைக்கு வந்த கோப்பிலுள்ள ஒருவருடைய கஷ்டத்தை அப்படியே கதையாக்கவும் வேண்டாம். இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை, அந்த மனுசி நாளைக்கும் அதே கவுண்டருக்கு வருவா.

உரிமை பற்றிக் கவலைப்பட்டால்: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய உடனேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதன் பிறகு 70 வருடமும் அது நிற்கும். வேலையின் பகுதியாக எழுதிக் கொடுப்பவற்றின் உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகலாம். வீட்டில், உங்கள் நேரத்தில், உங்கள் கொப்பியில் எழுதியதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

சட்டத்தைவிடப் பெரிய தலையிடி சக ஊழியர்கள். என் நாவலில் ஒரு கஞ்சல் கிளார்க் வருகிறார். பக்கத்துப் பகுதியில் ஒருவர் அது தான்தான் என்று முடிவு செய்துவிட்டார். மூன்று மாதம் என் வவுச்சர்கள் எல்லாம் அவர் மேசையில் தூங்கின. உண்மையில் அந்தப் பாத்திரம் என் சொந்தச் சித்தப்பா. சித்தப்பா வாசித்துவிட்டு, “கிளார்க்கு நல்ல ஆள்” என்றார்.

வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. சீதனமாக வந்த வீட்டில் நான் இருக்கிறேன், அதே வளவுக்குள் அம்மா, அடுத்த வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, அதற்கு அடுத்து அக்கா. வாடகை இல்லை, மாமியார் வீட்டுக் கெடுபிடி இல்லை, எழுதுகிற ஒரு பெண்ணுக்கு இது பெரிய கொடுப்பினை. ஆனால் யாரும் முன் கதவால் வருவதில்லை. எல்லோரும் குசினிப் பக்கத்தால் வந்து எழுதுகிற மேசையில் கறிக்கோப்பையை வைப்பார்கள்.

ஞாயிறு காலையில் நான் கதை எழுதுகிறேன் என்று சொன்னால் உள்ளே வந்து என்ன கதை என்று கேட்பார்கள். இதற்கு வழி கண்டுபிடித்தது அம்மாதான். யார் வந்தாலும் வாசலிலேயே மறித்து, “கந்தோர்க் கணக்குப் பாக்கிறா மனே, இப்ப கூப்பிட ஒண்ணா” என்பா. கணக்கென்றால் திரும்பிப் போகிறார்கள். கதைக்கு இல்லாத மரியாதை கணக்குக்கு இருக்கிறது.

இவரோடு ஓர் ஒப்பந்தம்: ஞாயிறு சந்தையும் மத்தியானச் சமையலும் அவருடையது. முதல் ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் சூரைமீன் குழம்புதான், வாய் திறக்காமல் சாப்பிட்டேன். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் என் விடியலை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரே மேசை, அவள் அந்தப் பக்கம் விஞ்ஞானம், நான் இந்தப் பக்கம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது. அந்த எட்டு மாதம் நாவலில் ஒரு பக்கமும் நகரவில்லை. அதற்காக வருந்துகிறேனா என்று ஒருவர் கேட்டார். கொஞ்சம், ஆம்.

மாரி, கோயில், கலியாணம் என்று வருடமே போய்விடுகிறதே?

போகத்தான் செய்யும், முன்கூட்டியே கழித்துவிடுங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேனை எடுப்பதில்லை. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் வளவுக்குள் தண்ணீர், கூரைக்குக் கீழே உறவினர். அந்த வாரங்களில் புதிதாக எழுத முயலாமல் எழுதியதைத் திருத்துகிறேன். மறுபக்கம், மாதம் ஒரு போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, இருக்கிறது. அந்த நாளை வேறு எதற்கும் கொடுக்காமல் வைத்தால் வருடத்துக்குப் பன்னிரண்டு முழு நாள். அரச ஊழியருக்கு 21 நாள் தற்செயல் லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு. அதில் ஐந்து நாளை நாவலின் கடைசி அத்தியாயங்களுக்காக ஒளித்து வைப்பேன். காய்ச்சல் வந்தால் அந்த ஐந்தும் போகும், அது வேறு கதை.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டினார்களே, அப்போதுதான் நான் கணினியை விட்டு சீ.ஆர். கொப்பிக்குத் திரும்பினேன். இன்னும் முதல் வரைவு கையெழுத்தில்தான். அதே வருடம் கடதாசிக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியதில் அச்சகக்காரர் இரண்டு தரம் மதிப்பீட்டை மாற்றினார். புத்தகம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது.

அச்சுக்குக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை?

சுருக்கமாக. நூலுக்கான சர்வதேச நியம எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் வாங்க வேண்டும். நம் நாட்டு நூல்களில் 955 அல்லது 624 என்று வருவது அதுதான். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பாருங்கள், கொம்புகள் இடம் மாறி நிற்கும். அட்டைப்படத்துக்குச் செலவழிக்கிற காசில் பாதியைப் பிழை பார்ப்பவருக்குக் கொடுங்கள்.

பரிசு கிடைத்தால் வேலையை விடலாமா?

அரச இலக்கிய விருது இருக்கிறது, கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் வருடாவருடம் நூல்களைத் தெரிவு செய்கிறது. அனுப்புங்கள், கிடைத்தால் சந்தோசம். அதை வருமானமாக எதிர்பார்த்து வீட்டுக்கடன் எடுக்க வேண்டாம்.

இந்தியப் பதிப்பகத்துக்குக் கொடுத்தால் வாழ்க்கை ஓடாதா?

வாசகர் கூடுவார்கள், அது உண்மை. உரிமைத்தொகை வருடம் ஒருமுறை வரும், பெரிய தொகையாக இருக்காது. அங்கே அச்சான உங்கள் புத்தகம் இங்கே வரும்போது உங்கள் பக்கத்து வீட்டுக்காரரால் வாங்க முடியாத விலையில் வரும். அப்புறம் இன்னொன்று, நம் பேச்சுக்குச் சொல்லகராதி கேட்பார்கள். ‘வட்டை’, ‘வாடி’, ‘மறுகா’ மூன்றுக்கும் அடிக்குறிப்புப் போடச் சொன்ன ஒருவருக்கு, அவர்கள் ஊர்க் கதைகளில் வரும் சொல்லுக்கெல்லாம் எங்களுக்கு யார் அடிக்குறிப்புத் தந்தது என்று பதில் எழுதினேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுமையாக எழுதியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

எவ்வளவு காசு சேர்த்தால் வேலையை விடலாம்?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் மெதுவாகக் கேட்கிறார்கள். தொகை சொல்ல முடியாது, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு வருடம் முழுக்க வீட்டுச் செலவை எழுதுங்கள். சித்திரை வருசம், கோயில், செத்த வீடு, பல் பிடுங்கியது எல்லாம் சேர்த்து. நீங்கள் நினைத்ததைவிட நிச்சயம் கூடவே வரும். அதுபோல இரண்டு வருடத்துக்கானது கையில் இருக்க வேண்டும். அடகில் நகை இருந்தால் முதலில் அதை மீட்டுவிட்டுத்தான் மற்றக் கதை.

தனியார் துறையில் இருப்பவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 வீதமும் வேலை கொடுப்பவரின் 12 வீதமும் சேர்கிறது, நம்பிக்கை நிதியத்துக்கு அவர் இன்னும் 3 வீதம் கட்டுகிறார். வேலையை விட்டதும் சேமலாப நிதியை எடுத்துச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். பொதுவாக ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது வரை அது பூட்டித்தான் இருக்கும். ஐந்து வருடம் முடித்திருந்தால், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால், 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும். பத்து வருடம் வேலை செய்தவருக்கு ஐந்து மாதச் சம்பளம். ஐந்து மாதத்தில் நாவல் முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

அரச ஊழியர்கள் ஒன்றை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: இராஜினாமா வேறு, ஓய்வு பெறுவது வேறு. கோபத்தில் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்த இராஜினாமா பல வருட ஓய்வூதியத்தைக் கொண்டுபோய்விடலாம். கையெழுத்து வைக்குமுன் நிர்வாகப் பகுதியில் சேவைக்காலத்தைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவழியும் ஒன்று உண்டு. 2022 இல் நெருக்கடி வந்தபோது ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவு எடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பலர் அதில் வெளிநாடு போனார்கள், நாவல் எழுதப் போனவர் என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அப்படி ஒரு வழியை நம்புவதென்றால் உங்கள் திணைக்களத்தில் இன்றைய நிலை என்ன என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

கனடாவிலிருந்து மாமா ஒரு வருடச் செலவைத் தருகிறேன் என்கிறார் என்று எழுதியிருந்த தங்கச்சிக்கு: வாங்கலாம். ஒவ்வொரு கிழமையும் அவர் போனில் எத்தனை பக்கம் என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்லும் தைரியம் இருந்தால்.

வேலையை விட்டுப் பார்த்தவர்கள் யாரும் இல்லையா?

கல்முனைப் பக்கம் என் நண்பர் ஒருவர், தனியார் நிறுவனம் ஒன்றில் விற்பனை மேற்பார்வையாளர். பத்து வருடச் சேமிப்போடு விலகினார். முதல் ஆறு மாதம் வேலையில் இருந்த காலத்தைவிடக் குறைவாக எழுதினார். நாள் முழுக்கக் கிடந்தது, அதனால் பிறகு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே போனது. அதைவிட, “சும்மாதானே இருக்கிறாய்” என்ற ஒரு சொல். மச்சாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, மின்சாரப் பில் கட்டு, கொழும்பிலிருந்து உதயதேவி ரயிலில் வரும் பெட்டியைப் போய் எடுத்து வா. வேலையில் இருப்பவனுக்கு யாரும் சொல்லாத வேலைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒன்றரை வருடத்தில் முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேறிடத்தில் சேர்ந்தார்.

இதைச் சொல்லி மற்றவர்களைப் பயமுறுத்துவது எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் அந்த ஒன்றரை வருடத்தின் கடைசி நாலு மாதம் அவர் எழுதிய ஐம்பது பக்கத்தை வாசித்திருக்கிறேன். சுனாமிக்கு மறுநாள் பாண்டிருப்புக் கடற்கரையில் ஒருவர் தன் வீட்டு வாசற்படியைத் தேடுகிற பகுதி. விடியலில் ஒன்றரை மணித்தியாலம் எழுதுகிற என்னால் அப்படி ஒரு நீளத்துக்கு மூச்சுப் பிடிக்க முடியாது. அவர் செய்தது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவை அந்தக் காலத்தில் பார்த்த அவருடைய மனைவியிடம் கேட்டால் வேறு பதில் வரலாம்.

நீங்கள் எப்போது விடப்போகிறீர்கள்?

இரண்டாவது நாவல் முடிந்து, மகள் உயர்தரம் எழுதிய பிறகு ஆறு மாதம் சம்பளமில்லா லீவு கேட்டுப் பார்க்க இருக்கிறேன். நிரந்தரமாக விடுகிற எண்ணம் முன்பு இருந்தது. அண்மையில் பத்து நாள் லீவில் வீட்டிலிருந்தபோது ஐந்தாம் நாளே பஸ்ஸில் யார் யாரோடு கோபமோ என்று மனம் ஓடியது. அதனால் முதலில் ஆறு மாதம்.

நான் எழுதியதைப் பார்த்துச் சொல்வீர்களா?

முதல் இருபது பக்கம் மட்டும், கடதாசியில். போனில் அனுப்பினால் திறக்கமாட்டேன், கண் போகிறது. டிசம்பரிலிருந்து பெப்ரவரி முடியும் வரை வேண்டாம், வருடாந்தக் கணக்கு முடிக்கிற காலம். மற்ற மாதங்களில் களுவாஞ்சிகுடியில் ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறுவேன், நேரிலேயே தரலாம். ஆரையம்பதி வரைக்கும் நின்றுகொண்டுதான் வருவேன், கட்டு பாரமாக இருக்க வேண்டாம்.